61 குற்றங்கள், 25 வருடம்: ஓங்வென் தண்டனையை எப்படிப் புரிந்துகொள்வது?

காவிரிக்கரை (கேள்வி)

சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சர்வதேசக் குற்றவியல் சட்டத்தில் தண்டனை எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்று வகுப்பில் பேச வேண்டும். டொமினிக் ஓங்வென் வழக்கை எடுத்துக்கொண்டேன். படிக்கப் படிக்க மனசு கனத்துப் போகிறது, தலைப்பை மாற்றிக்கொள்ளவும் மனம் வரவில்லை.

வழக்கு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வட உகாண்டாவில் ஜோசப் கோனி நடத்திய 'லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி' என்ற படை பல ஆண்டுகளாக ஊர்களை எரித்தது, பிள்ளைகளைக் கடத்திக்கொண்டு போனது. அதில் சினியா என்ற பிரிவுக்குத் தளபதியாக இருந்தவர் ஓங்வென். போருக்குப் பயந்து வீட்டைவிட்டு வந்த ஜனங்கள் தங்கியிருந்த பஜூலே, ஓடெக், லுகோடி, அபோக் முகாம்கள் தாக்கப்பட்டன. ஓடெக்கில் குறைந்தது 52 பேர், லுகோடியில் குறைந்தது 48 பேர் கொல்லப்பட்டார்கள். கடத்தி வந்த சிறுமிகளைப் படையினருக்கு 'மனைவி' என்று பங்கு போட்டுக் கொடுத்தார்கள். ஓங்வென் தன் வீட்டிலேயே அப்படி வைத்திருந்த 7 பெண்களின் வாக்குமூலம் தீர்ப்பில் இருக்கிறது. ஹேக் நகரில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2021 பிப்ரவரி 4 அன்று 61 குற்றங்களில் அவரைக் குற்றவாளி என்றது. மே 6 அன்று 25 வருடச் சிறை விதித்தது. 2022 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அது நின்றுவிட்டது.

இதில் எனக்குப் பிடிபடாதவை இரண்டு.

முதலாவது, கணக்கு. 61 குற்றங்கள் சேர்ந்து 25 வருடம் எப்படி வருகிறது? அரசுத் தரப்பே 20 வருடத்துக்குக் குறையக் கூடாது என்றுதான் கேட்டிருக்கிறது. பாதிக்கப்பட்டோரின் வழக்கறிஞர்கள் ஆயுள் கேட்டார்கள். பிரதிவாதி தரப்பு 10-க்கு மேல் வேண்டாம் என்றது.

இரண்டாவது, ஓங்வெனே கடத்தப்பட்ட பிள்ளை. 1987-இல், சுமார் 9 வயதில், பள்ளிக்கூடம் போகும் வழியில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதைச் சொல்லித்தான் நீதிமன்றம் தண்டனையைக் குறைத்திருக்கிறது. தனக்கு நடந்ததையே மற்றப் பிள்ளைகளுக்குச் செய்தவருக்கு அதுவே சலுகையாக மாறலாமா? லுகோடியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இதை எந்த முகத்தோடு விளக்குவது?

கோர்ட் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நாஞ்சிலான்

விளக்கவே முடியாது, அதுதான் பதில். ஆயுள் கொடுத்திருக்க வேண்டும்.

கம்போடியாவைப் பாருங்கள். கெமர் ரூஜ் ஆட்சியில் புனோம் பென்னில் எஸ்-21 சிறையை நடத்திய டூச். அங்கே செத்தவர்கள் குறைந்தது 12,272 பேர் என்று நீதிமன்றமே எண்ணி எழுதியது. 2010 ஜூலை 26 அன்று கிடைத்த தண்டனை 35 வருடம். விசாரணைக்கு முன்னால் ராணுவ நீதிமன்றம் அவரைச் சட்டத்துக்கு மாறாக அடைத்து வைத்திருந்ததாம், அதற்கு 5 வருடம் தள்ளுபடி. ஏற்கெனவே உள்ளே இருந்த 11 வருடமும் கழிந்தது. மிச்சம் 19 வருடம். வகுத்துப் பார்த்தேன், ஒரு உயிருக்கு பதின்மூன்றரை மணி நேரம் வருகிறது. அந்தச் சிறையில் சித்திரவதைப்பட்டுப் பிழைத்த சும் மே அன்றைக்குக் கொதித்துப் போனதில் என்ன ஆச்சரியம்? 2012 பிப்ரவரி 3 அன்று மேல்நீதிமன்றம் அதை ஆயுளாக ஆக்கிய பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது.

ஓங்வென் விஷயத்தில் இன்னொன்று. அதே கோனி படை ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கடத்தியது. தப்பி ஓடி வந்தவர்கள் உண்டு, ஓடப் பார்த்துச் செத்தவர்கள் உண்டு. அவர்கள் எல்லாரும் தளபதி ஆகவில்லை. கடத்தப்பட்டதைச் சொல்லிச் சலுகை கொடுத்தால், ஓடி வந்தவனுக்கு என்ன மரியாதை?

சிரஸ்தார் (ஓய்வு)

அம்மா, கேள்வியை நன்றாகவே கேட்டிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை. செஷன்ஸ் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்கு அப்புறம் இந்த வெளிநாட்டுத் தீர்ப்புகளைப் படிப்பது வழக்கமாகிவிட்டது, அதுவும் தண்டனைப் பகுதியைத்தான் முதலில் படிப்பேன். காரணம் இருக்கிறது. நம் கோர்ட்டில் 'குற்றவாளி என்று தீர்மானிக்கப்படுகிறது' என்று சொன்ன பிறகு, ஜட்ஜ் கூண்டில் நிற்பவரைப் பார்த்து, தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்பார். கேட்டே ஆக வேண்டும், சட்டம் அப்படி. பதில் பெரும்பாலும் ஒன்றுதான் வரும்: வயசான தாயார் இருக்காங்க, பிள்ளைங்க படிக்குது, குறைச்சுக் குடுங்க ஐயா. அதை எழுதுவார்கள், அடுத்த வரியில் தண்டனை வந்துவிடும். இது எனக்கு எப்போதும் உறுத்திக்கொண்டே இருந்த விஷயம். ஒருவன் செய்தானா இல்லையா என்பதை வருடக்கணக்கில் விசாரிக்கிறோம். எத்தனை வருடம் என்பதை மட்டும் ஏன் பத்து நிமிஷத்தில் முடிக்கிறோம்?

ஓங்வெனுக்கு அப்படி நடக்கவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பு வந்து இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 14, 15 தேதிகளில் தண்டனைக்காக மட்டும் தனி விசாரணை வைத்தார்கள். ஓங்வெனே நீண்ட நேரம் பேசினார். அதற்கப்புறம் வந்த தண்டனைத் தீர்ப்பு ஒரு தனிப் புத்தகம் மாதிரி.

முதலில் கணக்கு. நம் கோர்ட்டில் பல குற்றங்களுக்குத் தனித்தனியாகத் தண்டனை போட்டுவிட்டு, 'ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்று எழுதுவோம் அல்லவா? ஹேக் நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தின் 78-ஆம் பிரிவு கொஞ்சம் வேறு மாதிரி. ஒவ்வொரு குற்றத்துக்கும் தனித்தண்டனை சொல்ல வேண்டும், அப்புறம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கூட்டுத் தண்டனை சொல்ல வேண்டும். அந்தக் கூட்டுத் தண்டனை, தனித்தண்டனைகளில் பெரியதற்குக் கீழே போகக் கூடாது. 30 வருடத்தைத் தாண்டவும் கூடாது. தாண்ட வேண்டுமானால் ஆயுள்தான். ஆயுளுக்கும் 77-ஆம் பிரிவு நிபந்தனை வைக்கிறது: குற்றத்தின் மிகக் கடுமையான தன்மை, குற்றவாளியின் தனிப்பட்ட நிலைமை, இரண்டும் சேர்ந்து அதை நியாயப்படுத்த வேண்டும். ஓங்வெனுக்குப் போட்ட தனித்தண்டனைகளில் பெரியது 20 வருடம். ஆகவே ஆயுளை விட்டால் 20-க்கும் 30-க்கும் நடுவில்தான் நீதிபதிகள் நிற்க முடியும். இரண்டு பேர் 25 என்றார்கள். பிலிப்பைன்ஸ் நீதிபதி ரவுல் பங்கலங்கன் 30 என்று மாறுபட்டு எழுதினார். 61-ஐயும் கூட்டிப் பார்க்கும் வழியே அங்கே கிடையாது.

சரி, இரண்டாவது கேள்வி. இதுதான் கனமானது.

நன்றாகக் கவனியுங்கள், ஓங்வென் தரப்பு மூன்று விஷயம் சொன்னது. மனநோய் இருந்தது என்றார்கள், நீதிமன்றம் ஏற்கவில்லை. கோனியின் மிரட்டலுக்குக் கட்டுப்பட்டுச் செய்தேன் என்றார்கள், அதையும் ஏற்கவில்லை. வளர்ந்த மனுஷன், படிப்படியாகப் பதவி ஏறியவர், தாக்குதலைத் தானே திட்டமிட்டவர், தப்பிக்க வழி இருந்தும் தப்பாதவர் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். மிரட்டலையும் மனநோயையும் தண்டனைக் குறைப்புக்குக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது அந்த ஒன்பது வயது. அதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதையும் எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். குற்றம் செய்தாரா என்ற இடத்தில் வைக்கவில்லை, 61-லும் அவர் முழுப் பொறுப்பாளிதான். ஆயுளா, வருடக் கணக்கா என்ற இடத்தில் வைத்தார்கள். குற்றத்தை மட்டும் பார்த்தால் ஆயுள் வரை யோசிக்க இடம் உண்டு, ஆனால் இந்த மனிதரின் நிலைமை அதற்கு இடம் கொடுக்கவில்லை என்று முடித்தார்கள்.

நாஞ்சிலான் சார், ஓடி வந்தவனுக்கு என்ன மரியாதை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஓடி வந்தவன் செய்ததைத்தான் அளவுகோலாக வைத்து, 'உன்னாலும் முடிந்திருக்கும்' என்று ஓங்வெனைக் குற்றவாளி ஆக்கினார்கள். அந்த மரியாதை அங்கே கிடைத்துவிட்டது. தண்டனையின்போது கேட்க வேண்டியது வேறு. படித்து, வயது வந்து, தானே விரும்பிப் போய் ஒரு கொலைப்படையில் சேர்ந்தவனுக்கும், ஒன்பது வயதுப் பையனாகத் தூக்கிக்கொண்டு போகப்பட்டு அங்கேயே வளர்ந்தவனுக்கும் ஒரே தண்டனையா? ஒரே தண்டனை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

டூச் விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான். அவர் கணக்கு வாத்தியார். தெரிந்தே கெமர் ரூஜ் இயக்கத்தில் போய்ச் சேர்ந்தவர். ஆயுள் சரி. ஆனால் அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்குக் கொடுத்த நிவாரணத்தைப் பெரும்பான்மை நீதிபதிகள் அடியோடு எடுத்துவிட்டார்கள். இரண்டு நீதிபதிகள் மட்டும், ஆயுளே சரி, ஆனால் அந்த அநியாயத்துக்குப் பரிகாரமாக 30 வருடமாகக் குறைக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஒருவர் போலந்துக்காரர் அக்னியெஷ்கா க்ளோனோவியெட்ஸ்கா-மிலார்ட், மற்றவர் இலங்கை உச்ச நீதிமன்றத்திலிருந்து போன சந்திர நிஹால் ஜயசிங்க. 12,272 பேரின் சாவுக்குப் பொறுப்பானவரானாலும் அவரை அடைத்து வைக்கச் சட்டம் வேண்டும் என்று அந்த இரண்டு பேர் சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அப்புறம் உங்கள் வகுத்தல் கணக்கு. 19-க்குப் பதிலாக ஆயுளைப் போட்டு வகுத்தாலும் அந்தக் கணக்கில் ஒரு உயிருக்கு ஒரு நாள்கூட வராது. டூச் 2020 செப்டம்பரில் செத்தார். தீர்ப்பு ஆயுளானதிலிருந்து எட்டரை வருடம்தான். வருடங்களை உயிர்களால் வகுக்க ஆரம்பித்தால் எந்தத் தண்டனையும் செத்தவர்களை அவமதிப்பதாகத்தான் தெரியும். ஆகவே அம்மா, லுகோடித் தாய்க்கு இதை எப்படி விளக்குவது என்று கேட்டீர்களே, '25 வருடம் உன் பிள்ளைக்கு விலை' என்று யார் சொன்னாலும் அது தப்பு. அது ஓங்வென் என்ற ஆளின் பொறுப்பை அளந்த அளவு. அந்தத் தாயின் இழப்பை அளக்க அந்த நீதிமன்றத்தில் வேறு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி யாராவது கேட்டால் எழுதுகிறேன்.

தறி

நான் சட்டம் படித்தவன் இல்லை. ஒரு சந்தேகம். நூரம்பெர்க்கில் நாஜிகளைத் தூக்கில் போட்டார்கள்தானே? அப்புறம் எப்போது சர்வதேச நீதிமன்றங்கள் தூக்கை விட்டன? இந்த 30 வருட வரம்பு எங்கிருந்து வந்தது?

சிரஸ்தார் (ஓய்வு)

ஆமாம், நூரம்பெர்க்கில் 12 பேருக்கு மரண தண்டனை. அதில் போர்மன் ஆளே இல்லாமல் விசாரிக்கப்பட்டவர். கோரிங் முந்தின ராத்திரி விஷம் குடித்தார். மற்றப் பத்துப் பேரை 1946 அக்டோபர் 16 அன்று தூக்கிலிட்டார்கள்.

1990-களில் யூகோஸ்லாவியாவுக்கும் ருவாண்டாவுக்கும் ஐ.நா. தீர்ப்பாயம் அமைத்தபோது மரண தண்டனை கிடையாது என்று வைத்தார்கள். ருவாண்டாவுக்கு அது பிடிக்கவில்லை. 1994 நவம்பரில் பாதுகாப்புச் சபையில் அந்தத் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ருவாண்டாதான். அவர்கள் எதிர்த்ததற்கு ஒரு காரணம் கேட்கவே வேதனையாக இருக்கும். திட்டம் போட்ட பெரிய ஆட்களை ஐ.நா. தீர்ப்பாயம் பிடித்துக்கொண்டு போனால் அவர்களுக்கு ஆயுள். பேச்சைக் கேட்டு அரிவாளைத் தூக்கியவன் ஊரிலேயே மாட்டினால் அவனுக்கு மரணம். அப்படியேதான் நடந்தது. 1998 ஏப்ரல் 24 அன்று ருவாண்டாவில் 22 பேரைப் பொது இடத்தில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அதே வருடம் செப்டம்பரில், இனப்படுகொலை நடந்தபோது பிரதமராக இருந்த ஜான் கம்பாண்டா தான்சானியாவின் அருஷாவில் ஆயுள் தண்டனை வாங்கினார். 2007-இல் ருவாண்டாவே மரண தண்டனையை நீக்கியது; தீர்ப்பாயத்திலிருந்து வழக்குகளைத் தன் நாட்டுக்கு வாங்க அது தேவைப்பட்டது.

1998-இல், ரோம் சாசனத்தை எழுதிய ரோம் மாநாட்டிலும் இதே இழுபறி. அரபு நாடுகள் பலவும் டிரினிடாட் போன்ற கரீபிய நாடுகளும் மரண தண்டனை வேண்டும் என்றன. மறுபக்கம், ஆயுள் தண்டனைகூட எங்கள் அரசியல் சட்டத்துக்கு ஆகாது என்ற நாடுகள் இருந்தன. நடுவில் வந்து நின்றதுதான் 30 வருட உச்சவரம்பும், கடுமையான நிபந்தனையோடு ஆயுளும், அந்த ஆயுளையும் 25 வருடத்தில் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற விதியும். உங்கள் நாட்டுச் சட்டத்தில் நீங்கள் என்ன தண்டனை வைத்தாலும் இது அதைத் தொடாது என்று 80-ஆம் பிரிவையும் சேர்த்துச் சமாதானப்படுத்தினார்கள். இதுவரை இந்த நீதிமன்றம் யாருக்கும் ஆயுள் கொடுக்கவில்லை. காங்கோவின் ஆயுதக் குழுத் தளபதி பாஸ்கோ ந்தகாண்டாவுக்குக் கொடுத்த 30 வருடம்தான் உச்சம்.

காவிரிக்கரை

ஐயா, ரொம்ப நன்றி. கூட்டுத் தண்டனை விஷயம் இப்போதுதான் தெளிவாகிறது. ஆனால் மனம் இன்னும் முழுசாக ஆறவில்லை. 'ஆளின் பொறுப்பு' என்று பிரித்துப் பார்ப்பது புரிகிறது. மிரட்டலுக்குப் பயந்து செய்தால் அது எவ்வளவு தூரம் தண்டனையைக் குறைக்கும் என்பதற்கு வேறு வழக்கு இருக்கிறதா?

இரண்டாவது, 2023 டிசம்பரில் ஓங்வெனை நார்வே சிறைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று படித்தேன். நார்வே தன் சட்டப்படி அவரைச் சீக்கிரம் விட்டுவிட முடியுமா? 25 என்பது உண்மையில் 25 தானா?

அப்புறம் நீங்கள் சொன்ன அந்த 'வேறு வழி'.

சிரஸ்தார் (ஓய்வு)

மிரட்டலுக்கு நீங்கள் படிக்க வேண்டியது டிராஷென் எர்தெமோவிச் வழக்கு. 1995 ஜூலை 16, போஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிட்சா நகரம் போஸ்னிய செர்பியப் படையிடம் பிடிபட்ட சில நாள் கழித்து, பிரான்யெவோ என்ற பண்ணைக்கு பஸ் பஸ்ஸாக முஸ்லிம் ஆண்களைக் கொண்டுவந்தார்கள். சுடும் வரிசையில் நின்ற இளைஞர்களில் எர்தெமோவிச் ஒருவர், இருபத்து மூன்று வயது. முடியாது என்று சொன்னாராம். பாவமாக இருந்தால் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு நீயும் அவர்களோடு வரிசையில் நில் என்றார்களாம். சுட்டார். தன் கையால் ஏறத்தாழ 70 பேரைக் கொன்றிருப்பேன் என்று அவரே பின்னால் சொன்னார். யாருக்கும் தெரியாத அந்தப் பண்ணையைப் பற்றி உலகத்துக்குச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். சொல்லாமல் இருந்திருந்தால் அவரைத் தேடி யாரும் போயிருக்க மாட்டார்கள்.

யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தில் முதலில் 10 வருடம் கொடுத்தார்கள். மேல்முறையீட்டில் 1997-இல், அப்பாவிகளைக் கொல்வதற்கு உயிர் பயம் முழு விடுதலைக்குக் காரணமாகாது, தண்டனையைக் குறைக்க மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று பெரும்பான்மை சொன்னது. நீதிபதி அன்டோனியோ கசேசே மாறுபட்டார். 1998 மார்ச்சில் தண்டனை 5 வருடமாகக் குறைந்தது. ஓங்வெனையும் எர்தெமோவிச்சையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் உங்கள் பேச்சுக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும். ஒருவருக்கு மிரட்டல் அந்த நிமிஷத்தில் நேருக்கு நேர் இருந்தது, மற்றவர் ஏறிய பதவிகள் மிரட்டலுக்குச் சாட்சி சொல்லவில்லை.

அடுத்தது நார்வே. இல்லை, விட முடியாது. சிறை நார்வேயுடையது, சாப்பாடு, அறை, ஒழுங்கு எல்லாம் அவர்கள் சட்டப்படி. தண்டனையின் நீளம் மட்டும் ஹேக் நீதிமன்றத்தின் கையில். ரோம் சாசனத்தின் 110-ஆம் பிரிவைப் பாருங்கள். மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும் நீதிமன்றமே தண்டனையைக் குறைக்கலாமா என்று பார்க்க வேண்டும். ஓங்வென் 2015 ஜனவரியில் காவலுக்கு வந்த நாளிலிருந்து கணக்கு. 25-இல் மூன்றில் இரண்டு பங்கு 16 வருடம் 8 மாதம். ஆக, 2031 செப்டம்பர் வாக்கில் அந்தக் கேள்வி வரும். குறைக்காவிட்டால் 2040 ஜனவரி.

இந்த இடத்தில்தான் நான் எல்லாரையும் உலுக்கிச் சொல்ல ஆசைப்படுகிறேன். தீர்ப்பு வந்த அன்றைக்கு எல்லாப் பத்திரிகையிலும் எத்தனை வருடம் என்று வரும். அதற்கப்புறம் அந்த வருடங்களுக்கு என்ன ஆனது என்று யாரும் பார்ப்பதில்லை. பிலியானா பிலாவ்சிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். போஸ்னிய செர்பியத் தலைமையில் முன்வரிசையில் இருந்தவர். 2002-இல் யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தில் ஒரு குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டார், இனப்படுகொலைக் குற்றச்சாட்டு உட்பட மற்றவை கைவிடப்பட்டன. வருத்தம் தெரிவித்துப் பேசினார். தண்டனை விசாரணையில் நாஜி முகாமிலிருந்து பிழைத்த எழுத்தாளர் எலீ வீசல் சாட்சி சொன்னார், முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட்டும் வந்தார். அந்த வருத்தத்துக்கு நீதிமன்றம் நிறைய மதிப்புக் கொடுத்தது. 2003 பிப்ரவரியில் கிடைத்தது 11 வருடம். ஸ்வீடன் சிறைக்குப் போனார். 2009-இல், உள்ளே இருக்கும்போதே, ஒரு ஸ்வீடன் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து, நான் தப்பே செய்யவில்லை, மற்றக் குற்றச்சாட்டுகளைத் தவிர்க்கத்தான் ஒப்புக்கொண்டேன் என்றார். அதே வருடம் அக்டோபரில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்துவிட்டது என்று விடுதலை. பெல்கிரேடில் வரவேற்பு. எந்த வருத்தத்துக்காகத் தண்டனை குறைந்ததோ அதைத் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகும் முன்விடுதலை கிடைத்தது என்றால், போஸ்னியாவில் பிணங்களைத் தேடிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? எனக்கு இதில் இன்றைக்கும் கோபம் அடங்கவில்லை.

யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்தால் வெளியே விடுவது ஏறக்குறைய வாடிக்கையாகவே ஆகிவிட்டது. ரோம் சாசனம் அப்படி இல்லை, காரணம் காட்ட வேண்டும்: நீதிமன்றத்தோடு ஒத்துழைத்தாரா, செய்த குற்றத்திலிருந்து மனதார விலகினாரா, வெளியே விட்டால் அந்த ஊரில் கலவரம் வருமா, பாதிக்கப்பட்டவர்களுக்காக ஏதாவது செய்தாரா. காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபாங்கா கேட்டார், கிடைக்கவில்லை. 14 வருடத்தையும் முழுசாக முடித்தார். மாலி நாட்டின் திம்புக்டுவில் புனிதர்களின் கல்லறைகளை இடித்த அல் மஹ்திக்கு 9 வருடத்தில் 2 வருடம் குறைந்தது. அவர் முதலிலேயே ஒப்புக்கொண்டவர், பின்னால் அதை மாற்றிச் சொல்லவில்லை.

கடைசியாக அந்த வேறு வழி, இழப்பீடு. 2024 பிப்ரவரி 28 அன்று ஓங்வென் வழக்கில் 52.4 மில்லியன் யூரோவுக்கு மேல் இழப்பீடு என்று உத்தரவு. பயன்பெறக்கூடியவர்கள் 49,772 பேர் என்று கணக்கிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அடையாளமாக 750 யூரோ, அதற்கு மேல் மருத்துவம், மனநல உதவி, நினைவிடம் போன்ற கூட்டுத் திட்டங்கள். ஓங்வெனிடம் காசு இல்லை, ஆகவே பாதிக்கப்பட்டோருக்கான அறக்கட்டளை நிதி நாடு நாடாகக் கேட்டுத் திரட்ட வேண்டும். உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. பணம் லுகோடி வரைக்கும் போய்ச் சேர வேண்டும். உங்கள் வகுப்பில் இதையும் அவசியம் சொல்லுங்கள்.

நாஞ்சிலான்

எர்தெமோவிச் எனக்குத் தெரியாது, இப்போது தேடிப் படித்தேன். அவருக்கு 5 வருடம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஓங்வென் விஷயத்தில் ஆயுள்தான் என்பதில் நான் மாறவில்லை. ஏழு பெண்களைத் தன் வீட்டில் அடைத்து வைத்ததற்கும் கோனிக்கும் என்ன சம்பந்தம்? அங்கே அவருக்கு யார் துப்பாக்கி காட்டினார்கள்? அந்தக் குற்றங்களுக்கும் சேர்த்து ஒன்பது வயதைக் காட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

நீங்கள் சொன்ன 2031 விஷயம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அன்றைக்கு ஹேக்கில் ஓங்வெனின் வக்கீல் இருப்பார், நீதிபதிகள் இருப்பார்கள். அந்தப் பெண்கள் எங்கே இருப்பார்கள்?

சிரஸ்தார் (ஓய்வு)

நாஞ்சிலான் சார், அந்த ஏழு பெண்கள் விஷயத்தில் உங்கள் வாதத்துக்கு என்னிடம் முழு பதில் இல்லை. மற்றக் குற்றங்களைவிட அங்கே ஒன்பது வயதின் எடை குறைவாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. காவிரிக்கரை அம்மா பங்கலங்கன் எழுதிய மாறுபட்ட கருத்தை முதலில் படித்துவிட்டு, அப்புறம் பெரும்பான்மையைப் படிக்க வேண்டும் என்பது என் யோசனை. அசல் தீர்ப்பு 1,077 பக்கம், அதில் முழுக வேண்டாம். தண்டனைத் தீர்ப்பு தனி, அது போதும். அதில் வட உகாண்டாவின் அச்சோலி மக்களின் 'மாட்டோ ஓபுட்' என்ற சமாதானச் சடங்கைத் தண்டனையின் ஒரு பகுதியாக வைக்கும்படி ஓங்வென் தரப்பு கேட்டதையும், நீதிமன்றம் ஏன் மறுத்தது என்பதையும் விடாமல் படியுங்கள். சாசனத்தில் அதற்கு இடமில்லை என்பது ஒரு காரணம். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கே அது வேண்டாம் என்பது இன்னொரு காரணம், எனக்கு அதுதான் பெரியது.

2031 பற்றி. அந்த நீதிமன்றத்தின் நடைமுறை விதிகளில் விதி 224 என்று ஒன்று இருக்கிறது. மேல்முறையீட்டுப் பிரிவின் மூன்று நீதிபதிகள் ஓங்வெனைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். வழக்கில் பங்கேற்ற பாதிக்கப்பட்டவர்களையோ அவர்களின் வழக்கறிஞர்களையோ 'முடிந்த அளவுக்கு' அழைத்து, நேரிலோ எழுத்திலோ அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். இந்த வழக்கில் அப்படிப் பங்கேற்றவர்கள் 4,095 பேர். அந்த 'முடிந்த அளவுக்கு' என்பதில்தான் எல்லாம் நழுவிப்போகும். உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் ஒரு அலுவலகத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு அழைத்தாகிவிட்டது என்று எழுதிவிடலாம்; லுகோடிக்கும் ஓடெக்குக்கும் ஆள் அனுப்பி, அச்சோலி மொழியில் சொல்லிக் கையெழுத்தும் வாங்கலாம். எது நடக்கும் என்பது அதற்கு முன்னால் யார் எத்தனை தடவை கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அம்மா, நீங்கள் இப்போது மூன்றாம் ஆண்டு. 2031-இல் வக்கீலாக இருப்பீர்கள், அப்போதும் இந்த வழக்கை விடாமல் பாருங்கள்.

காவிரிக்கரை

பார்ப்பேன் ஐயா. விதி 224-ஐ இப்போதே எடுத்து வைத்துக்கொண்டேன். நாஞ்சிலான் அண்ணன் கேட்ட அந்த ஏழு பெண்கள் கேள்வியை நான் வகுப்பிலும் கேட்கப் போகிறேன், பதில் சொல்லாமல். எர்தெமோவிச்சையும் பிலாவ்சிச்சையும் ஓங்வெனுக்கு இரண்டு பக்கமும் வைத்துப் பேசுகிறேன்.